போதகர் அழைப்பும் 2009 மினியாபொலிஸ் தீர்மானங்களும்: ஒரு சபை எதற்குக் கட்டுப்பட்டது?

ஒலிவமரம் எழுதியது:

அனைவருக்கும் தோத்திரம். அமெரிக்கச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையை, அதாவது இ.எல்.சி.ஏ.வைச் சேர்ந்த ஒரு சிறிய சபையில் நாங்கள் குடும்பமாகப் பல ஆண்டுகளாக அங்கத்தினராக இருக்கிறோம். எங்கள் போதகர் ஓய்வு பெற்றுவிட்டதால், புதியவரைத் தேடுவதற்காகச் சபை அமைத்த அழைப்புக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். குழுவின் முதல் கூட்டத்திலேயே மூத்த அங்கத்தினர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். பேராயர் அனுப்பும் பெயர்களில் தன்பாலினத் திருமணம் செய்துகொண்ட போதகர் ஒருவருடைய பெயர் இருந்தால், அவரை நேர்காணலுக்கு அழைக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்பதே அது. அப்படி ஒரு கடமையும் இல்லை என்றும், தன்பாலின உறவில் உள்ள போதகர்களைக் குறித்துத் திருச்சபை மினியாபொலிஸ் நகரில் எடுத்த 2009ஆம் ஆண்டுத் தீர்மானம் சபைகளின் மனச்சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். அதே தீர்மானத்துக்குப் பிறகு எந்தச் சபையும் மறுக்க முடியாது என்று இன்னொருவர் சொன்னார். இருவருமே விசுவாசமுள்ளவர்கள், சபைக்காக உழைப்பவர்கள். ஆனால் இருவரில் எவரும் அந்தத் தீர்மானத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. நானும் முழுவதும் படித்ததில்லை.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். அந்த ஆண்டு திருச்சபை மாற்றியது போதனையையா, ஊழியர்களுக்கான ஒழுங்கையா, அல்லது இரண்டையுமா? தனிப்பட்ட ஒரு சபைக்கு இதில் எவ்வளவு சுதந்திரம் உண்டு? போதகரின் ஒழுக்கத்தைப் பற்றிய விதிகள் இன்று எந்த ஆவணத்தில் இருக்கின்றன? யார் சரி, யார் தவறு என்ற வழக்கை இங்கே தொடங்குவது என் நோக்கமன்று. ஒரு மனிதருடைய ஊழியத்தையும் ஒரு சபையின் ஒருமைப்பாட்டையும் தொடுகிற காரியத்தில் செவிவழிச் செய்தியை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதே என் கவலை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் குழுவில் பேசிய இருவரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பிடித்திருக்கிறார்கள். முழுமையும் தெரிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மூன்று லுத்தரன் திருச்சபைகள் இணைந்து 1988 ஜனவரி 1 அன்று இ.எல்.சி.ஏ. செயல்படத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1990இல், அதன் திருச்சபை ஆலோசனைச் சங்கம் 'தரிசனமும் எதிர்பார்ப்புகளும்' என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. போதகர்களின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொன்ன அந்த ஆவணம், தன்பால் ஈர்ப்புடைய போதகர்கள் தன்பாலின உறவைத் தவிர்த்து வாழ வேண்டும் என்று எதிர்பார்த்தது. அதே காலத்தில் வந்த 'ஒழுங்கு நடவடிக்கைக்கான வரையறைகளும் வழிகாட்டுதல்களும்' என்ற மற்றோர் ஆவணம், அத்தகைய உறவில் இருப்போருக்கு குருத்துவ ஊழியத்தில் இடமில்லை என்று விதித்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போதகர்களுக்கு விதி எழுதப்பட்டபோது, பாலியலைக் குறித்துத் திருச்சபை முழுவதும் கூடி ஏற்றுக்கொண்ட போதனை அறிக்கை எதுவும் இல்லை. 1993இல் வெளியான முதல் வரைவு, சபைகளின் கைக்குப் போய்ச் சேருமுன்னரே செய்தித்தாள்களில் வந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது. 1996இல் எல்லோருக்கும் உடன்பாடான சிலவற்றை மட்டும் சொல்லும் சுருக்கமான செய்தி ஒன்று வெளியிடப்பட்டது. விதி முதலில் வந்து, விதிக்கு அடிப்படையான போதனை பல ஆண்டுகள் கழித்து வந்ததே பிற்பாடு நேர்ந்த குழப்பங்களில் பாதிக்குக் காரணம் என்பது என் கருத்து.

2001இல் கூடிய பேரவை, அதாவது திருச்சபை முழுவதற்குமான பிரதிநிதிகள் கூட்டம், முறையான ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2005இல் ஒர்லாண்டோவில், விதியை அப்படியே வைத்துக்கொண்டு சிலருக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கும் யோசனை 490க்கு 503 என்ற கணக்கில் தோற்றது. அடுத்து வந்ததே 2009 ஆகஸ்டில் மினியாபொலிஸில் கூடிய பேரவை. அங்கே இரண்டு காரியங்கள் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே விடை.

முதலாவது, 'மனிதப் பாலியல்: கொடையும் நம்பிக்கைப் பொறுப்பும்' என்ற சமூக அறிக்கை. இது போதனையைச் சேர்ந்தது. சமூக அறிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. ஆகஸ்ட் 19 அன்று ஆதரவாக 676 வாக்குகளும் எதிராக 338 வாக்குகளும் விழுந்தன. மொத்தம் 1,014, அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாக 676. ஆதரித்தவர்களில் ஒரே ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தாலும் அறிக்கை தோற்றிருக்கும். (அன்று பிற்பகல் நகரின் மையத்தில் வீசிய சூறைக்காற்றில், மாநாட்டு அரங்கத்துக்கு அருகிலிருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயத்தின் கோபுரம் சேதமடைந்தது. அதை அவரவர் அவரவர் விருப்பப்படி விளக்கினார்கள். நான் அந்த விளக்கங்களுக்குள் போக விரும்பவில்லை.)

இரண்டாவது, ஆகஸ்ட் 21 அன்று எடுக்கப்பட்ட நான்கு ஊழியக் கொள்கைத் தீர்மானங்கள். இவை ஒழுங்குமுறையைச் சேர்ந்தவை; இவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பது பேரவையின் நடைமுறை விதி. இவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற கோரிக்கை தொடக்கத்திலேயே தோற்றது. வாக்கெடுப்பு நடந்த வரிசையும் கவனத்துக்குரியது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, ஒருவருடைய கட்டுண்ட மனச்சாட்சியை மற்றவர் மதிப்போம் என்ற தீர்மானத்தையே பேரவை முதலில் எடுத்துக்கொண்டு, 771க்கு 230 என்று நிறைவேற்றியது. வாழ்நாள் முழுமைக்கும் உரிய, ஒருவனுக்கு ஒருவன், ஒருத்திக்கு ஒருத்தி என்ற உண்மையுள்ள, சபையாருக்கு முன்பாகப் பொறுப்பேற்கும் தன்பாலின உறவுகளை அங்கீகரிக்க விரும்பும் சபைகள் அதற்கான வழியைத் தேடலாம் என்பது 619க்கு 402 என்று நிறைவேறியது. அத்தகைய உறவில் இருப்பவர்கள் போதகர்களாக ஊழியம் செய்ய வழி காண்பது என்பது 559க்கு 451 என்று நிறைவேறியது. இவற்றைச் செயல்படுத்தும் முறையைச் சொன்ன நான்காவது தீர்மானம் 667க்கு 307 பெற்றது. அந்த நான்காவது தீர்மானத்தில்தான், இத்தகைய ஒருவரை அழைக்க முடியாது என்று மனச்சாட்சியில் உறுதிகொண்டவர்களுக்கும் இடமளிக்கும் வகையில் விதிகள் திருத்தப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டது.

ஆகவே, தடை நீக்கப்பட்டது உண்மை. எந்தச் சபையின் மீதும் எந்தப் போதகரும் திணிக்கப்படவில்லை என்பதும் உண்மை. பேராயர் பெயர்களைத் தருகிறார். அழைப்புக் குழு நேர்காணல் செய்து சபைச் சங்கத்துக்குப் பரிந்துரைக்கிறது. சபைப் பொதுக்கூட்டத்தில் சீட்டு மூலம் வாக்களித்து, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால்தான் அழைப்பு செல்லுபடியாகும். 2009க்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக: 2010 ஏப்ரலில் ஆலோசனைச் சங்கம் இரண்டு ஆவணங்களையும் திருத்தியது. 'தரிசனமும் எதிர்பார்ப்புகளும்' 2020 மார்ச்சில் முற்றிலும் விலக்கப்பட்டது. 'வரையறைகளும் வழிகாட்டுதல்களும்' நடைமுறையில் நிற்கிறது. அதைப் படிப்பவர்கள் பாலியலைத் தேடியே படிக்கிறார்கள். ஆனால் இரகசியமாகச் சொல்லப்பட்டதை வெளியிடுவது, போதைப் பழக்கம், பணக் கையாடல், குடும்பப் பொறுப்பைக் கைவிடுவது ஆகியவையும் அங்கே இருக்கின்றன. ஒரு சபையின் நம்பிக்கையைச் சிதைப்பவை பெரும்பாலும் அவைதான். உங்கள் குழு நேர்காணலில் அவற்றையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

பழையபாதை எழுதியது:

மேலே எழுதியவர் வரலாற்றை நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியது என்று நம்புகிற, ஆனாலும் இந்தத் திருச்சபையை விட்டுப் போகாத ஒருவனாக நான் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

2009 அறிக்கையைப் பலர் ஒரே கொள்கையின் வெற்றி என்று நினைக்கிறார்கள். அது அப்படி எழுதப்படவில்லை. மனச்சாட்சியில் உறுதிகொண்ட நான்கு நிலைப்பாடுகளை அது அடுத்தடுத்து விவரிக்கிறது. தன்பாலின உறவு வேதத்துக்கு விரோதமான பாவம், மனந்திரும்புதலுக்கே அழைக்க வேண்டும் என்பது முதல் நிலை. அது பாவத்தில் விழுந்துபோன உலகத்தின் அடையாளம்; அந்த இருவருக்கிடையே உள்ள அன்பையும் அர்ப்பணிப்பையும் மறுக்க வேண்டியதில்லை, ஆனால் சபை அதைப் பகிரங்கமாகச் சிறப்பிக்கக் கூடாது என்பது இரண்டாவது. இன்று நாம் காணும் அர்ப்பணிப்புள்ள உறவுகளைப் பற்றி வேதவசனங்கள் பேசவில்லை; ஆகவே அவற்றை ஆதரித்துப் பொறுப்பேற்கச் செய்யலாம், ஆனால் திருமணத்தோடு சமப்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. திருமணத்துக்குரிய அதே கண்டிப்போடும் அதே மதிப்போடும் அவற்றை நடத்த வேண்டும் என்பது நான்காவது. நான் முதல் நிலைக்கும் இரண்டாவது நிலைக்கும் நடுவில் நிற்பவன். என் திருச்சபையின் அறிக்கையிலேயே எனக்கு இடம் இருக்கிறது என்பதால்தான் நான் இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

1521இல் வோர்ம்ஸ் நகரில், தன் மனச்சாட்சி தேவ வார்த்தைக்குக் கட்டுண்டிருக்கிறது என்று லுத்தர் சொன்னதை நாம் எல்லோரும் ஞாயிறு பள்ளியில் கேட்டவர்கள். அறிக்கையின் இந்தப் பகுதி அந்த வார்த்தையையும் ரோமர் 14ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்ற வசனம் என்னை அடக்கிவைக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. பவுல் அங்கே பேசுவது போஜனத்தையும் விசேஷ நாள்களையும் பற்றி. திருமணத்தையும் அந்த வரிசையில் வைக்கலாமா? வைக்கலாம் என்றால் இது இரட்சிப்பைத் தொடாத காரியம் என்று முன்னரே முடிவு செய்துவிட்டோம் என்று பொருள். அந்த முடிவுதானே வழக்கின் மையமே? இதற்குத் திருப்தியான பதிலை எந்தப் போதகரும் எனக்குச் சொன்னதில்லை.

பிரிந்து போனவர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. 2009க்குப் பிறகு நூற்றுக்கணக்கான சபைகள் வெளியேறின. 2010 ஆகஸ்டில் ஒஹாயோவில் வட அமெரிக்க லுத்தரன் திருச்சபை உருவானது. மிஷனுக்கான லுத்தரன் சபைகள் என்ற கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டிலேயே, எப்பிஸ்கோப்பல் திருச்சபையோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எதிர்த்து உருவானது. பாலியல் விவாதம் அதற்குப் பிறப்பிடம் அன்று. எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் திருச்சபை 2013இல் இ.எல்.சி.ஏ.வோடும் சுவீடன் திருச்சபையோடும் உறவை முறித்துக்கொண்டது. ஒரு சபை வெளியேற வேண்டுமானால் குறைந்தது 90 நாள் இடைவெளியில் இரண்டு முறை வாக்களித்து, இரண்டு முறையும் மூன்றில் இரண்டு பங்கு பெற வேண்டும். என் உறவினர் ஒருவருடைய சபையில் அந்த இரண்டாவது வாக்கெடுப்பு நடந்தபோது நானும் விருந்தினராகப் பின்வரிசையில் இருந்தேன். வாக்குச்சீட்டுகளைச் சேகரிக்க வேறு பெட்டி இல்லாததால் காணிக்கைத் தட்டுகளையே வரிசை வரிசையாக அனுப்பினார்கள். எண்ணி முடித்து முடிவை வாசித்தபின் ஒருவரும் கைதட்டவில்லை. தோற்ற பக்கத்தில் இருந்த, அந்த ஆலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றுத் திருமணமும் செய்துகொண்ட ஒரு பெண்மணி, தன் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் குழு எந்த முடிவுக்கு வந்தாலும், அது பெயர்கள் வருவதற்கு முன்பு திறந்த மனத்தோடு பேசி எடுத்த முடிவாக இருக்கட்டும்.

சாலமோன்மண்டபம் எழுதியது:

பழையபாதை ஐயாவின் பதிவைப் படித்துக் கலங்கினேன். அவரோடு கருத்து வேறுபட்டாலும், அவரைப் போன்றவர்கள் இருக்கிற திருச்சபையிலேயே நானும் இருக்க விரும்புகிறேன். ஆனால் இந்த விவாதத்தில் சபைகளின் மனச்சாட்சியைப் பற்றி அதிகமாகவும், ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவர்களின் மனச்சாட்சியைப் பற்றி மிகக் குறைவாகவும் பேசுகிறோம்.

1990 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு சபைகள், விதிக்குப் புறம்பாக, ரூத் ஃப்ராஸ்ட், ஃபிலிஸ் சில்ஹார்ட், ஜெஃப் ஜான்சன் ஆகிய மூவருக்கும் குருத்துவ அபிஷேகம் செய்வித்தன. மூவரும் இறையியல் படித்துத் தேர்ந்தவர்கள். உண்மையை மறைத்திருந்தால் எந்தத் தடையும் வந்திருக்காது. அந்த இரண்டு சபைகளும் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்டு, 1995இன் முடிவில் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டன. அட்லாண்டாவில் செயின்ட் ஜான்ஸ் லுத்தரன் சபையின் போதகராக இருந்த பிராட்லி ஷ்மெலிங், தமக்கு வாழ்க்கைத் துணைவர் ஒருவர் இருக்கிறார் என்று தம் பேராயரிடம் தாமே சொன்னார். 2007இல் அவரை விசாரித்த ஒழுங்கு விசாரணைக் குழு, அவர் விதியை மீறினார் என்று தீர்த்தது. ஆனால் அந்த விதியே நல்லதன்று என்று குழுவினரில் பெரும்பாலோர் கருதியதையும் அதே தீர்ப்பில் எழுதி வைத்தது. அவர் திருச்சபையின் போதகர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய சபை அவரைக் கைவிடவில்லை. அந்த ஆண்டு சிகாகோவில் கூடிய பேரவை, இத்தகைய வழக்குகளில் நடவடிக்கை எடுக்காமல் பொறுமை காட்டும்படி பேராயர்களைக் கேட்டுக்கொண்டது. 2010இல் அவர் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில், ஜெஃப் ஜான்சன் உட்பட ஏழு போதகர்களைத் திருச்சபை ஆராதனை நடத்தி ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகள் என்பது ஒரு போதகருடைய ஊழியக் காலத்தில் பாதிக்கு மேல்.

பொய் சொன்னவர்களுக்கு இடம் கொடுத்து, மெய் சொன்னவர்களை வெளியே நிறுத்திய ஒழுங்கு, ஒழுக்கத்தைக் காத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2009இல் நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுவே. தரம் தளர்த்தப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். தீர்மானம் கேட்பதைப் பாருங்கள்: வாழ்நாள் முழுமைக்கும், ஒருவரோடு மட்டும், சபையாருக்கு முன்பாகப் பொறுப்பேற்று. மற்றப் போதகர்களிடம் நாம் கேட்பதையே அது இவர்களிடமும் கேட்கிறது.

ரோமர் 14ஐப் பற்றி ஐயா எழுப்பிய சந்தேகம் நியாயமானது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். என் பதில் லுத்தரன் திருச்சபைகளின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7ஆம் பிரிவிலிருந்து வருகிறது. திருச்சபையின் மெய்யான ஐக்கியத்துக்குச் சுவிசேஷப் போதனையிலும் திருவிருந்து முதலிய சாக்கிரமந்துகளை நிறைவேற்றுவதிலும் ஒத்திருப்பது போதும் என்று 1530இல் நம் முன்னோர் அறிக்கையிட்டார்கள். குருமாரின் திருமணத்தைப் பற்றி அதே அறிக்கையின் 23ஆம் பிரிவு பேசுகிறது. பல நூற்றாண்டுகளாக நிலைத்திருந்த ஒரு விதி, ஊழியர்களை மறைவான வாழ்க்கைக்குள் தள்ளி, அவர்களுடைய மனச்சாட்சியை நெருக்கியது என்பதே அங்கே நம் முன்னோர் வைத்த வாதங்களில் ஒன்று. இரண்டு வழக்குகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. போதகருக்குரிய ஒழுங்குகளை மறுபடியும் ஆராய்வது லுத்தரன் மரபுக்குப் புறம்பானதன்று என்று மட்டும் சொல்கிறேன்.

ஒலிவமரம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். அத்தகைய ஒருவரை அழைக்கச் சபைக்கு மனமில்லை என்றால், அதை மரியாதையோடு முன்னரே சொல்லிவிடுங்கள். நேர்காணலுக்கு வரவழைத்து, பிரசங்கத்தைப் புகழ்ந்து, வேறு காரணம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். மறுக்கப்பட்டதைவிட, காரணம் மறைக்கப்பட்டதே அவர்களை அதிகம் காயப்படுத்தியது.

ஒலிவமரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தத் திரியைக் குழுவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தேன். கேள்வி எழுப்பிய மூத்தவர், நான்கு நிலைப்பாடுகளும் உள்ள அந்தப் பகுதியை முழுவதும் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு கேள்விகள் எழுந்துள்ளன. ஒருவரை இந்தக் காரணத்துக்காக அழைக்காமல் விட்டால் சபையின் மீது வழக்குப் போட முடியுமா என்று பொருளாளர் கேட்கிறார். இந்த மனச்சாட்சி ஏற்பாடு இனி நீடிக்குமா, அல்லது எடுக்கப்பட்டுவிடுமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பொருளாளரின் கேள்விக்கு: தங்கள் போதகர் யார் என்பதைத் தெரிவு செய்வதில் சமய அமைப்புகளுக்கு உள்ள சுதந்திரத்தில், வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டங்கள் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஹொசன்னா-டேபர் என்று அழைக்கப்படும் அந்த வழக்கும் ஒரு லுத்தரன் பள்ளியிலிருந்து எழுந்ததே; ஆனால் அது மிசௌரி சினாடு என்ற வேறொரு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஆகவே போதகர் அழைப்பைப் பொறுத்தவரை சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அலுவலக உதவியாளர், ஆலயக் காவலர் போன்றவர்களை நியமிப்பது வேறு. அங்கே உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நீடிக்குமா என்ற கேள்வியைத் திருச்சபையே இப்போது கையில் எடுத்திருக்கிறது. 2009 அறிக்கை எழுதப்பட்டபோது தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டமாகியிருக்கவில்லை. அது 2015இல்தான் வந்தது. அறிக்கையின் சில வாசகங்கள் அதனால் பழமையாகிவிட்டன. 2022இல் கொலம்பஸ் நகரில் கூடிய பேரவை மறுபரிசீலனைக்கு வழிவகுத்தது. அது இரண்டு கட்டமாக நடக்கிறது. சட்டத்திலும் வழக்கிலும் வந்த மாற்றங்களுக்கு ஏற்ப வாசகங்களைத் திருத்துவது முதல் கட்டம். 2025 கோடையில் பீனிக்ஸ் நகரில் கூடிய பேரவை அதை ஏற்றுக்கொண்டது. கட்டுண்ட மனச்சாட்சியைப் பற்றிய பகுதியை ஆராய்வது இரண்டாவது கட்டம்; அது 2028 பேரவைக்கு வரவிருக்கிறது. பேரவை உறுப்பினரில் குறைந்தது 60 விழுக்காட்டினர் குருத்துவம் பெறாத சபையார். அவர்கள் சினாடு எனப்படும் வட்டாரப் பிரிவுகளின் கூட்டங்களில் தெரிவு செய்யப்படுகிறார்கள். உங்கள் சபையிலிருந்து சினாடு கூட்டத்துக்கு யார் போகிறார்கள் என்று இந்த ஆண்டே கேட்டு வையுங்கள்.

நடைமுறையில் ஒன்று: அழைப்புக் குழு பேராயர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் சபை விவரப் படிவத்தை அனுப்புவதற்கு முன்பே அந்த உரையாடலை நடத்திவிடுங்கள். சபையின் மனம் என்ன என்று பேராயருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால், அவர் எந்தப் பெயர்களை அனுப்புவது என்று அதற்கேற்ப யோசிப்பார். படிவம் போய்ப் பெயர்கள் வந்த பிறகு பேச்சைத் தொடங்கினால், கொள்கையைப் பற்றிய பேச்சு ஒரு மனிதரைப் பற்றிய பேச்சாகிவிடும். அவரோ அந்த அறையில் இருக்க மாட்டார்.